கூகுளுக்கு 32.5 கோடி யூரோ அபராதம்: உறைக்குமா?

செப்டம்பர் 4, 2025

வாசகர் கேள்வி: நேற்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 32.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே நாளில் அதன் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் பங்கு 9 சதவீதம் ஏறியது. நடைபாதையில் கடை விரித்தவர், பிடிபடும்போது கட்டும் அபராதத்தை வாடகைக் கணக்கில் எழுதிக்கொள்வதைப் போன்றதுதான் இது. நம்மைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கும் பெரிய நிறுவனங்கள் அபராதத்தால் திருந்தும் என்று இன்னமும் யாராவது நம்புகிறீர்களா?

செப்டம்பர் 4, இரவு

பங்கு ஏறியதற்கும் பிரெஞ்சு அபராதத்திற்கும் தொடர்பில்லை. தேடுபொறி ஏகபோக வழக்கில் கூகுள் தன் குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை என்று வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா செப்டம்பர் 2 அன்று தீர்ப்பளித்தார். அந்த நிம்மதியில்தான் மறுநாள் சந்தை துள்ளியது.

ஆனாலும் உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. குரோம் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் முதலீட்டாளர் மனத்தில் 9 சதவீத அளவுக்கு இருந்திருக்கிறது. 32.5 கோடி யூரோ போகிறதே என்று அவர்களில் எவரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. தொகையைவிட, தொழிலின் அமைப்பில் கைவைக்கும் உத்தரவுக்குத்தான் அங்கே மரியாதை.

செப்டம்பர் 5

தொகைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஆல்பபெட்டின் 2024ஆம் ஆண்டு வருவாய் 35,000 கோடி டாலர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 கோடி. அபராதம் சுமார் 38 கோடி டாலர். பத்து மணி நேர வருவாய்கூட இல்லை.

இந்த வகைக் கணக்கு கைதட்டல் வாங்கும். ஆனால் பாதிதான் உண்மை. மொத்த வருவாயோடு ஒப்பிட்டால் எந்த அபராதமும் சிறிதாகவே தெரியும். ஒப்பிட வேண்டியது, அந்தக் குறிப்பிட்ட மீறலால் கிடைத்த லாபத்தோடு. இந்த வழக்கில் குற்றச்சாட்டுகள் இரண்டு: ஜிமெயிலில் அஞ்சல்களுக்கு நடுவே அஞ்சலைப் போலவே தோன்றும் விளம்பரங்களை ஒப்புதல் இல்லாமல் காட்டியது, புதிய கணக்கு தொடங்கும்போது குக்கீகளுக்கு, அதாவது உலாவியில் பதிந்து நம்மை அடையாளம் காட்டும் சிறு கோப்புகளுக்கு, முறையான ஒப்புதல் பெறாதது. அந்த விளம்பரங்களைப் பிரான்சில் பார்த்தவர்கள் 5.3 கோடிப் பேர் என்று ஆணையம் சொல்கிறது. ஒரு நாட்டின் ஒரு சேவையில் வந்த ஒரு வகை விளம்பரத்தின் லாபத்திற்கு எதிரே நிறுத்தினால் இந்தத் தொகை அவ்வளவு அற்பமானதல்ல.

எனக்கு முக்கியமாகப் பட்டது செய்தித்தாள்கள் கடைசிப் பத்தியில் போட்ட வரி. ஆறு மாதத்திற்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1 லட்சம் யூரோ. இந்த வரிக்குத் திரும்ப வருவேன்.

அதே செப்டம்பர் 3 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஜூரியும் கூகுளுக்கு எதிராக 42.57 கோடி டாலர் தீர்ப்பளித்தது. பயனர்கள் தங்கள் கணக்கில் செயல்பாட்டுப் பதிவை அணைத்து வைத்த பின்னும், பிற நிறுவனங்களின் செயலிகள் வழியாகக் கூகுள் தரவு சேகரித்தது என்பது வழக்கு. பாதிக்கப்பட்டவர்கள் 9.8 கோடிப் பேர். தலைக்கு நான்கு டாலர் சொச்சம். மேல்முறையீடு செய்வதாக நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த நான்கு டாலரும் இப்போதைக்கு இல்லை.

செப்டம்பர் 7

ஃபேஸ்புக்கின் 2019ஐத் தொடாமல் இந்த வாதத்தை நடத்த முடியாது. நடைபாதைக் கடை உவமை முழுமையாகப் பொருந்துவது அங்கேதான்.

பயனர்களை ஏமாற்ற மாட்டோம் என்று 2011இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி.யுடன் ஃபேஸ்புக் உடன்பாடு செய்துகொண்டது. அது 2012இல் உத்தரவாகவே ஆனது. 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் வெளிவந்து, 8.7 கோடிப் பேர் வரையிலானவர்களின் தரவு கைமாறியிருக்கலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிரிட்டன் விதித்தது 5 லட்சம் பவுண்டு. சிரிக்க வேண்டாம், 1998ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பே அவ்வளவுதான். அமெரிக்கா 2019 ஜூலை 24 அன்று 500 கோடி டாலர் விதித்தது. அந்த ஆண்டு ஃபேஸ்புக்கின் வருவாய் 7,070 கோடி டாலர். ஆக, ஏறத்தாழ 26 நாள் வருவாய் போயிற்று. எந்த நிறுவனத்திற்கும் இது சில்லறை அல்ல. இருந்தும் அபராதத்திற்காக 300 கோடி டாலர் ஒதுக்கியிருப்பதாக ஏப்ரலில் அறிவித்தபோது பங்கு ஏறியது. 500 கோடி என்று ஜூலையில் செய்தி கசிந்தபோதும் ஏறியது.

ஏன் ஏறியது என்பதை, ஐந்து ஆணையர்களில் எதிர்த்து வாக்களித்த இருவரான ரோஹித் சோப்ராவும் ரெபெக்கா ஸ்லாட்டரும் எழுதிய மறுப்புரைகளிலிருந்து புரிந்துகொள்ளலாம். தரவைச் சேகரித்து விளம்பரம் விற்கும் முறையில் அந்த உத்தரவு கைவைக்கவில்லை என்பதும், சக்கர்பெர்க் உள்ளிட்ட மேலிடத்தார் தனிப்பட்ட பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள் என்பதும் அவர்களுடைய ஆட்சேபம். சந்தையும் அதையேதான் படித்தது. எவ்வளவு போகும், என்னென்ன மாற வேண்டியிருக்கும் என்ற நிச்சயமின்மை தீர்ந்தது. தொழில் அப்படியே இருந்தது.

தலைவரைக் காப்பாற்றத்தான் நிறுவனத்தின் பணம் அளவுக்கு மீறி வாரிக் கொடுக்கப்பட்டது என்று பங்குதாரர்களே பின்னாளில் வழக்குத் தொடுத்தார்கள். இந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. சக்கர்பெர்க் கூண்டேற வேண்டிய முறை வருவதற்கு முன்பே, இரண்டாம் நாளில் சமரசம் ஆகிவிட்டது. 500 கோடிக்குக் கலங்காதவர்கள் ஒரு மனிதர் சத்தியப் பிரமாணம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்குக் கலங்கினார்களோ என்று நான் ஐயப்படுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செப்டம்பர் 8

அபராதப் பணம் யாருக்குப் போகிறது என்று ஒருவர் கேட்கிறார். அரசுக் கருவூலத்திற்கு. வேவு பார்க்கப்பட்டவருக்குக் கிடைப்பது, 'உங்கள் தனியுரிமையை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்' என்று தொடங்கும் மின்னஞ்சல்.

செப்டம்பர் 13

எல்லோரும் யூரோவையும் டாலரையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. வலைத்தளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு என்பதால் ஒன்றைச் சொல்கிறேன்.

என் வாடிக்கையாளர்களில் ஒருவர் இரத்தப் பரிசோதனை மையம் நடத்துகிறார். விளம்பரத்திற்குச் செலவிடும் பணம் எத்தனை முன்பதிவாகத் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். விளம்பர ஏஜென்சி அனுப்பிய மெட்டா பிக்சல் நிரலைத் (மெட்டா என்பது ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒட்டினேன். சில வரிகள்தான், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம் ஒன்றை மெட்டாவின் சேவையகத்திலிருந்து கேட்டு வாங்கும் வேலை. சரியாக ஓடுகிறதா என்று உலாவியின் டெவலப்பர் பகுதியைத் திறந்து நெட்வொர்க் பட்டியலைப் பார்த்தேன். பக்கம் திறந்த நொடியிலேயே ஒரு கோரிக்கை வெளியே போயிருந்தது. அதைச் சொடுக்கினால், அனுப்பப்பட்டவை வரிசையாகத் தெரியும்: நிகழ்வின் பெயர், நேரம், திரையின் அகல உயரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது, உலாவிக்கென்று ஒட்டப்பட்ட எஃப்.பி.பி. என்னும் குக்கீ எண், பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் முழு முகவரி. தள முகவரிகளை நாங்கள் கூகுள் தேடலுக்கு ஏற்றவாறு பரிசோதனையின் பெயரிலேயே அமைத்திருந்தோம். தைராய்டு, சர்க்கரை, கருத்தரிப்பு, பால்வினை நோய் என்று ஒவ்வொன்றும் முகவரியிலேயே எழுதப்பட்டிருந்தது.

யாரும் பெயர் கொடுக்கவில்லை, தொலைபேசி எண் கொடுக்கவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. வெறுமனே பக்கத்தைப் படித்த ஒருவரின் உலாவி எண்ணும் அவர் படித்த நோயின் பெயரும் சேர்ந்து கண்டம் தாண்டின. வாடிக்கையாளரிடம் காட்டினேன். 'எல்லாரும் போடுவதுதானே சார்' என்றார். அது உண்மையும்கூட.

செப்டம்பர் 14

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. இப்படிப்பட்ட கசிவுக்கு அமெரிக்காவில் அபராதம் விழுந்திருக்கிறது. ஆனால் யார் மேல் என்று பாருங்கள். 2023 பிப்ரவரியில் மருந்து விலைச் சலுகைத் தளமான குட்ஆர்எக்ஸ் 15 லட்சம் டாலரும், மார்ச்சில் இணைய மனநல ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்களுக்குத் திருப்பித் தர 78 லட்சம் டாலரும் கட்ட வேண்டியதாயிற்று. பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக் உள்ளிட்ட விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள் என்பது குற்றம். அனுப்பியவர் கட்டினார், வாங்கியவர் வாங்கிக்கொண்டே இருந்தார்.

வாங்கியவர் மாட்டிக்கொண்ட வழக்கு கடந்த மாதம்தான் நடந்தது. மாதவிடாய்க் கணக்குச் செயலியான ஃப்ளோவிலிருந்து பெண்களின் தகவலைச் சேகரித்தது கலிஃபோர்னியாவின் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்தை மீறிய செயல் என்று சான் பிரான்சிஸ்கோ ஜூரி மெட்டாவுக்கு எதிராக முடிவு செய்தது. அந்தச் சட்டத்தில் ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரை கேட்கலாம். பெண்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் என்ன ஆகும் என்பதை மெட்டாவின் வழக்கறிஞர்கள் பெருக்கிப் பார்த்திருப்பார்கள்.

செப்டம்பர் 21

'அபராதத்தால் ஒன்றுமே மாறியதில்லை' என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். மாறியிருக்கிறது. ஐரோப்பாவில் இருக்கும் உறவினர் யாரையாவது யூடியூபைப் புதிய உலாவியில் திறக்கச் சொல்லுங்கள். 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், 'அனைத்தையும் நிராகரிக்கிறேன்' என்று இன்னொன்று இருக்கும்.

அது தானாக முளைத்ததல்ல. 2020 டிசம்பரில் பிரெஞ்சு ஆணையம் குக்கீகளுக்காகக் கூகுளுக்கு 10 கோடி யூரோ விதித்தது. அதன் பிறகும் ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்குகள் என்ற நிலைதான் நீடித்தது. 2022 ஜனவரி 6 அன்று அதே ஆணையம் கூகுளுக்கு 15 கோடியும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடியும் விதித்து, ஏற்பது எவ்வளவு எளிதோ மறுப்பதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும், மூன்று மாதம் அவகாசம், மீறினால் நாளொன்றுக்கு 1 லட்சம் யூரோ என்று உத்தரவிட்டது. ஏப்ரலில் பொத்தான் வந்தது. முதலில் பிரான்சில், பிறகு ஐரோப்பா முழுவதும்.

15 கோடி யூரோவே பொத்தானை வரவழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். என்ன மாற வேண்டும் என்று திரையில் காட்டக்கூடிய அளவுக்குத் தெளிவான கட்டளையும், கெடு தேதியும், கெடு தாண்டினால் ஓடத் தொடங்கும் மீட்டரும் சேர்ந்து வரவழைத்தன. நாளுக்கு 1 லட்சம் யூரோ கூகுளுக்கு ஒரு பொருட்டல்லதான். ஆனால் அதைக் கட்டிக்கொண்டே இருப்பது, ஆணையத்தின் உத்தரவை அன்றாடம் மீறுகிறோம் என்று அன்றாடம் கையெழுத்துப் போடுவதாகும். அதற்கு எந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவும் துணியாது.

பிரான்சால் இதைச் செய்ய முடிந்ததற்கு ஒரு சட்ட நுணுக்கமும் காரணம். ஐரோப்பியப் பொதுத் தரவுச் சட்டமான ஜி.டி.பி.ஆர். வழியே போனால், நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் எங்கே இருக்கிறதோ அந்த நாட்டின் ஆணையமே முன்னின்று விசாரிக்க வேண்டும். கூகுளுக்கும் மெட்டாவுக்கும் அது அயர்லாந்து. குக்கீ விதிகள் வேறு சட்டத்தின் கீழ் வருவதால் பிரான்ஸ் தானே நேரடியாகக் கையில் எடுத்துக்கொண்டது. அயர்லாந்தின் வழி நீளமானது. மேல்முறையீடு இல்லையென்றாலும் ஒவ்வொரு அபராதத்தையும் அந்நாட்டு நீதிமன்றம் உறுதிசெய்த பின்புதான் வசூலிக்க முடியும். மேல்முறையீடு இருந்தாலோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

செப்டம்பர் 22

'அயர்லாந்து மெட்டாவுக்கு 120 கோடி யூரோ போட்டதே, அது மட்டும் என்ன?' என்கிறார் ஒருவர். 2023 மே மாதத்தில் விதிக்கப்பட்ட அது, ஜி.டி.பி.ஆர். சட்டத்தின் கீழ் இதுவரை வந்தவற்றில் ஆகப் பெரியது. ஐரோப்பியர் தரவை அமெரிக்காவுக்கு அனுப்புவதை ஐந்து மாதத்தில் நிறுத்த வேண்டும் என்ற உத்தரவும் கூடவே வந்தது. தொகையைவிட அந்த உத்தரவே மெட்டாவை உலுக்கியிருக்க வேண்டியது. ஆனால் கெடு முடிவதற்குள், ஜூலை 10 அன்றே, ஐரோப்பிய ஆணையம் அமெரிக்காவுடன் புதிய தரவு ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. உத்தரவு கடிக்கும் முன்பே அதன் பல் போயிற்று.

அக்டோபர் 2

பொத்தானைப் பற்றி எழுதியதை இன்று மறுபடி படித்தபோது, வெற்றியின் அளவு கூடித் தெரிவதாக எனக்கே பட்டது. பொத்தான் வந்தது உண்மை. பின்தொடர்தல் நின்றதா என்பது வேறு கேள்வி.

கடந்த ஜூன் 3 அன்று ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்று இந்தத் துறையில் வேலை செய்பவர்களையே திகைக்க வைத்தது. ஆண்ட்ராய்டு தொலைபேசியில் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் செயலி இருந்தால், அது பின்னணியில் தொலைபேசிக்குள்ளேயே இருக்கும் சில போர்ட்டுகளில், அதாவது தரவு வந்துபோகும் வாயில்களில், காது வைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் குரோமில் ஏதோவொரு தளத்தைத் திறக்கிறீர்கள். அங்கே பிக்சல் இருக்கிறது. அந்த நிரல், நான் மேலே சொன்ன எஃப்.பி.பி. எண்ணை இணையத்திற்கு மட்டும் அனுப்பாமல், அதே தொலைபேசிக்குள் இருக்கும் அந்தப் போர்ட்டுக்கும் கொடுத்தது. செயலியில் நீங்கள் உங்கள் பெயரில் உள்நுழைந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான், பெயரில்லாத உலாவி எண்ணுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. குக்கீயை அழித்தாலும், இன்காக்னிட்டோவில் போனாலும், உலாவியில் ஃபேஸ்புக்கைத் திறந்ததே இல்லை என்றாலும் இது தப்பவிடாது. ரஷ்யாவின் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸ் இதையொத்த உத்தியை 2017 முதலும், மெட்டா 2024 செப்டம்பர் முதலும் பயன்படுத்தியதாக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஆய்வு வெளியான அன்றே மெட்டா அதை நிறுத்திவிட்டது. அபராதம் இல்லை, உத்தரவு இல்லை, கெடு இல்லை.

இதை எப்படிப் படிப்பது என்று எனக்குள் இரண்டு எண்ணம். வெளியே தெரிந்தாலே போதும், நிறுத்திவிடுவார்கள் என்று ஒருவர் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு. மேலே சொன்ன 500 கோடியும் 120 கோடியும் விதிக்கப்பட்ட பின்புதான், 2024 செப்டம்பரில் அந்த நிறுவனத்தில் யாரோ அமர்ந்து இதை எழுதினார்கள், யாரோ சரிபார்த்தார்கள், யாரோ வெளியிட அனுமதித்தார்கள். பழைய அபராதங்கள் எதுவும் அந்த அறைக்குள் இருந்தவர்களின் கையைப் பிடிக்கவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான சாட்சியம் என்னிடம் இல்லை.

அக்டோபர் 5

ஒரு வாசகர் முக அடையாளத்தை நினைவூட்டியிருக்கிறார். நானே எழுதியிருக்க வேண்டியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டு உயிரளவைச் சட்டப்படி, அதாவது முகம், கைரேகை போன்ற உடல் அடையாளங்களைக் காக்கும் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். மீறலுக்கு 1,000 டாலர், வேண்டுமென்றே செய்தால் 5,000. புகைப்படத்தில் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதிக்காக ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானது. 2021 நவம்பரில் அந்த வசதியையே மூடி, 100 கோடிக்கும் மேற்பட்ட முகப் பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது. டெக்சாஸ் மாநிலம் 140 கோடி டாலர் வாங்கியது அதற்குப் பிறகு, 2024 ஜூலையில்.

இல்லினாயில் இழப்பீடு கோரி விண்ணப்பித்தவர்களுக்குத் தலைக்கு 400 டாலர் அளவுக்குக் கையில் வந்தது. மேலே நான்கு டாலர் என்று எழுதியதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மோசடி விளம்பரங்களில் பிரபலங்களின் முகத்தைக் கண்டுபிடிப்பதற்கென்று மெட்டா 2024 அக்டோபரில் முக அடையாளச் சோதனையை மீண்டும் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவு மூடியதே தவிரப் பூட்டப்படவில்லை.

அக்டோபர் 11

நார்வேயை ஒருவரும் பேசவில்லை. 2023 ஜனவரியில் அயர்லாந்து மெட்டாவுக்கு 39 கோடி யூரோ விதித்தது. சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதையே விளம்பரக் கண்காணிப்புக்கான ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்பது முடிவு. மெட்டா வேறொரு சட்டக் காரணத்திற்குத் தாவியது. பொறுமையிழந்த நார்வே ஆணையம் அப்படிப்பட்ட விளம்பரத்தையே தற்காலிகமாகத் தடைசெய்து, ஆகஸ்ட் 14 முதல் நாளொன்றுக்கு 10 லட்சம் குரோனர் என்று மீட்டரை ஓடவிட்டது. அக்டோபர் இறுதியில் அந்தத் தடை ஐரோப்பா முழுமைக்கும் விரிக்கப்பட்டது. நவம்பரில் மெட்டா தன் முறையையே மாற்றி, ஒப்புதல் கொடு அல்லது மாதம் 9.99 யூரோ கொடு என்று கேட்டது.

மாற்றம் வந்தது, வந்த மாற்றத்தின் முகத்தைப் பாருங்கள். தனியுரிமைக்கு விலைச் சீட்டு ஒட்டப்பட்டது. அதுவும் சட்டவிரோதம் என்று ஐரோப்பிய ஆணையம் இந்த ஏப்ரலில் 20 கோடி யூரோ விதித்திருக்கிறது, இந்த முறை டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ். நிறுவனம் ஒவ்வொரு தீர்ப்பையும் அடுத்த வடிவத்திற்கான குறிப்பாகப் படிக்கிறது. அவ்வளவு பெரிய சட்டப் பிரிவை வைத்துச் சம்பளம் கொடுப்பது வேறு எதற்கு?

அக்டோபர் 19

மெட்டாவின் வருவாயை உண்மையில் அடித்தது எது என்றால், அது எந்த அரசும் அல்ல. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோனில் 'இந்தச் செயலி உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா' என்று கேட்கும் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தது. அதனால் அவ்வாண்டு 1,000 கோடி டாலர் அளவுக்கு இழப்பு வரும் என்று 2022 பிப்ரவரியில் மெட்டா சொன்னது. மறுநாள் பங்கு 26 சதவீதம் சரிந்து, 23,000 கோடி டாலருக்கு மேல் சந்தை மதிப்பு ஒரே நாளில் கரைந்தது. எஃப்.டி.சி.யின் 500 கோடியைக் கேட்டு ஏறிய அதே பங்குதான்.

ஆப்பிளை வாழ்த்த அவசரப்பட வேண்டாம். அந்தப் பெட்டியைப் பிற நிறுவனங்களின் செயலிகளுக்கு ஒரு விதமாகவும் தன் சொந்தச் செயலிகளுக்கு இன்னொரு விதமாகவும் நடத்தியதாகக் கூறி, பிரெஞ்சுப் போட்டி ஆணையம் இந்த மார்ச்சில் அதற்கும் 15 கோடி யூரோ விதித்தது. மறுபக்கம் கூகுளோ, குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஒழிப்பதாக 2020இல் அறிவித்து, ஆண்டுக்காண்டு தள்ளிப்போட்டு, கடைசியில் கைவிட்டு, அதற்கு மாற்றாக உருவாக்கிய பிரைவசி சாண்ட்பாக்ஸ் திட்டத்தையும் இரண்டு நாள் முன்பு மூடிவிட்டது. நல்ல மனத்தை நம்பி இருக்கச் சொல்பவர்களுக்காக இதைக் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 5

நேற்று டெல்லியில் வந்த தீர்ப்பு, இங்கே இரண்டு மாதமாக நான் சொல்லிவருவதற்கு நம் ஊர் உதாரணமாக அமைந்துவிட்டது. 2021இல் வாட்ஸ்அப், புதிய விதிகளை ஏற்றால்தான் செயலி தொடரும் என்ற தொனியில் நம் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பியது நினைவிருக்கலாம். அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்து, வாட்ஸ்அப் தரவை விளம்பரத்திற்காக மெட்டாவின் பிற நிறுவனங்களோடு ஐந்தாண்டு பகிரக் கூடாது என்று தடையும் போட்டது. நேற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஐந்தாண்டுத் தடையை நீக்கியது.

213 கோடி ரூபாய் என்பது மெட்டாவின் ஒன்றரை மணி நேர வருவாய்கூட இல்லை. தடை இருந்திருந்தால் ஐந்தாண்டுக்கு வியாபாரத்தில் ஒரு வாசல் அடைபட்டிருக்கும். 'அபராதம் உறுதி' என்று கொட்டை எழுத்தில் போட்ட நாளிதழ்கள் இரண்டாவது செய்தியைத் தலைப்பாக்கியிருக்க வேண்டும்.

நவம்பர் 16

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. '250 கோடி வரை அபராதம்' என்று எல்லா ஊடகங்களும் சொல்கின்றன. அட்டவணையைத் திறந்து படியுங்கள். 250 கோடி என்பது தரவைப் பாதுகாக்கத் தவறியதற்கு. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி வரை. முறையான ஒப்புதல் இல்லாமல் தரவைக் கையாள்வது, அதாவது இங்கே நாம் பேசிக்கொண்டிருக்கும் பின்தொடர்தல், தனியாகப் பெயர் சொல்லப்படாமல் 'பிற விதிமீறல்கள்' என்ற கடைசி வரியில் விழுகிறது. அதற்கு உச்சவரம்பு 50 கோடி ரூபாய். மெட்டாவுக்கு இருபது நிமிட வருவாய்கூட ஆகாது.

2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவில் 15 கோடி ரூபாய் அல்லது உலக வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அது, என்று இருந்தது. சதவீதம் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. கூடவே, அலட்சியத்தால் தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. இல்லினாய்க்காரர் கையில் 400 டாலர் வரக் காரணமான வழி எதுவோ, அது இங்கே அடைக்கப்படுகிறது. அபராதம் மொத்தமும் அரசின் தொகுநிதிக்குப் போகும். நியாயமாகச் சொல்ல வேண்டும், குடிமகனையும் மறக்கவில்லை. பொய்ப் புகார் கொடுத்தால் அவருக்கு 10,000 ரூபாய் வரை.

முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் இருக்கிறது.

நவம்பர் 22

பரிசோதனை மையத்துக்காரர் நேற்று இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் '250 கோடி' என்று பார்த்திருக்கிறார். 'சார், அந்த நிரலை முதலில் எடுத்துவிடுங்கள், எனக்கு மொத்தக் கடையே இரண்டு கோடி பெறாது' என்றார். இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது என்றும், வரம்பு என்பது வேறு, விதிப்பது வேறு என்றும், அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கு மீறலின் தன்மையைப் பார்க்கும் கடமை உண்டு என்றும் விளக்கினேன். கேட்கவில்லை. இதுவரை ஒருவர்மீதும் விதிக்கப்படாத ஓர் அபராதம், செப்டம்பரில் நான் திரையைத் திருப்பிக் காட்டியும் அசையாத மனிதரை இரவில் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

பரிசோதனைப் பக்கங்கள், முன்பதிவுப் பக்கம், ரிப்போர்ட் இறக்கும் பக்கம் எல்லாவற்றிலிருந்தும் பிக்சலை நீக்கிவிட்டேன். முகவரிகளில் நோயின் பெயருக்குப் பதிலாக எண் வைக்கலாம் என்றதற்குக் கூகுள் தேடலில் பின்தங்கிவிடும் என்று மறுத்துவிட்டார். முகப்புப் பக்கத்தில் மட்டும் பிக்சல் இருக்கட்டும் என்கிறார். பொங்கலுக்கு முழு உடல் பரிசோதனைச் சலுகை விளம்பரம் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டுமாம். அந்தப் பக்கத்தில் ஒப்புதல் கேட்கும் பெட்டியை எப்படி வைப்பது என்று திங்கட்கிழமை பேசுகிறோம்.